சம்பளப் பிடித்தம் வீடு வந்து சேர: வடசென்னைக் குடும்பங்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. முழுமையான வழிகாட்டி

மணலியில் கான்ட்ராக்டர்களிடம் சம்பளக் கணக்கு எழுதியவன் நான். பதினெட்டு வருடம். சம்பளம் போட்ட மறுநாள் ஜன்னலுக்கு வெளியே வரிசை நிற்கும். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "அண்ணே, இந்த மாசம் ஏன் இவ்ளோ பிடிச்சிருக்கீங்க?" பிடித்த பணம் எங்கே போகிறது, நாளைக்கு வீட்டில் இருப்பவர்களுக்கு அதிலிருந்து என்ன வரும் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இப்போது தண்டையார்பேட்டையில் வீட்டோடு இருக்கிறேன். தெரிந்தவர்களுக்கு ஃபார்ம் நிரப்பிக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். புருஷன் போன பிறகு, ஒரு கசங்கிய சம்பளச் சீட்டையும் ஆதார் ஜெராக்ஸையும் மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அந்தச் சீட்டிலிருந்து பின்னோக்கித் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. முன்கூட்டியே செய்திருந்தால் எல்லாம் அரை நாள் வேலை. அந்த அரை நாள் வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: சம்பளச் சீட்டைப் படியுங்கள், சீட்டில் வராததையும் சேர்த்து

எண்ணூரில் ஒரு யார்டில் வேலை என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000 ரூபாய், வேறு படி கிடையாது. பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி, 12 சதவீதம்: 1,800. இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, 0.75 சதவீதம்: 113. இரண்டும் போக கைக்கு வருவது 13,087 ரூபாய். இதைப் பார்த்துத்தான் ஜன்னலில் சண்டை.

முதலாளி கட்டுவது பெரும்பாலும் சீட்டில் வராது. பி.எஃப்.பில் அவர் பங்கும் 1,800 ரூபாய். அதில் 1,250 பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது, மீதி 550 உங்கள் பி.எஃப். கணக்கில் சேர்கிறது. இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், 488 ரூபாய். இ.டி.எல்.ஐ. என்னும் உயிர்க் காப்பீட்டுக்கு 75 ரூபாய். ஆக உங்களிடம் பிடித்தது 1,913, முதலாளி போட்டது 2,363. மாதம் 4,276 ரூபாய் உங்கள் பெயரில் உள்ளே போகிறது.

சில கான்ட்ராக்டர்கள் தங்கள் பங்கையும் தொழிலாளி சம்பளத்திலேயே கழித்துவிடுவார்கள். "ரெண்டு பக்கமும் உன்னோடதுதானேப்பா" என்று சமாதானம் வேறு. சட்டப்படி அது கூடாது.

யாருக்கு இது கட்டாயம்? பி.எஃப். என்றால் 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடம், சம்பள வரம்பு 15,000. இ.எஸ்.ஐ. என்றால் 10 பேர், வரம்பு 21,000. 15,000-க்கு மேல் வாங்குபவருக்கும் முதலாளி விரும்பினால் பி.எஃப். பிடிக்கலாம், பலர் பிடிக்கவும் செய்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் பழைய தனித்தனிச் சட்டங்கள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. அதற்காகப் பயப்பட வேண்டாம், பழைய கணக்கும் கார்டும் செல்லாமல் போய்விடவில்லை.

படி 2: பணம் நிஜமாகவே ஏறுகிறதா என்று பாருங்கள்

பிடிப்பது வேறு, கட்டுவது வேறு. ஒரு மாதத்துப் பணத்தை முதலாளி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டினாரா என்று நீங்களே பார்க்கலாம். யூ.ஏ.என். எனப்படும் 12 இலக்க பி.எஃப். எண்ணுடன் உங்கள் மொபைல் நம்பர் இணைந்திருந்தால், அந்த நம்பரிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுங்கள், இருப்பு எஸ்.எம்.எஸ். ஆக வரும். மாதவாரியாகப் பார்க்க உமங் என்னும் அரசுச் செயலியில் பாஸ்புக் இருக்கிறது. அதில் உங்கள் பங்கு, முதலாளி பங்கு, பென்ஷன் பங்கு என்று மூன்று பத்திகள். பென்ஷன் பத்தியில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் கண்ணை ஓட்டுங்கள். பி.எஃப். இருப்புக்கு வட்டி உண்டு, 2024-25-க்கு 8.25 சதவீதம்.

அடுத்து பெயர். நம் ஊரில் இனிஷியல் ஒரு தீராத தலைவலி. ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் ஒட்டியிருக்கும், கம்பெனி ரெஜிஸ்டரில் ஒற்றை எழுத்து முன்னால் நிற்கும், பேங்க்கில் இனிஷியலே இருக்காது. கணினிக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு மனிதர்கள். பிறந்த தேதியிலும் இதே கூத்து. பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு தேதி சொல்லியிருப்பார்கள், ஆதாருக்கு வேறொன்று. ஆதார், பி.எஃப்., பேங்க் மூன்றிலும் பெயரும் தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஆதாரோடு சரிபார்க்கப்பட்ட யூ.ஏ.என். என்றால் பி.எஃப். துறையின் உறுப்பினர் போர்ட்டலில் பல திருத்தங்களை நாமே செய்யலாம். மற்றவர்களுக்கு முதலாளி கையெழுத்து வேண்டும். கான்ட்ராக்டர் ஊரில் இருக்கும்போதே அதை வாங்கிவிடுங்கள். டெண்டர் முடிந்தால் அவரை எங்கே போய்த் தேடுவது?

படி 3: கான்ட்ராக்டர் மாறும்போது கையை வைக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

1918-இல் பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய காலத்திலும் அதற்குப் பிறகு பல தலைமுறைக்கும், ஒரு ஆலைக்குள் நுழைந்தவர் அங்கேயே முடி நரைத்து வெளியே வந்தார். அந்தப் பெரம்பூர் பி அண்ட் சி மில்லே 1996-இல் மூடப்பட்டுவிட்டது. இன்றைக்கு மணலியிலும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் கேட் அதேதான், உள்ளே செய்யும் வேலையும் அதேதான், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கான்ட்ராக்டர் பெயர் மட்டும் மாறும். மாறும்போதெல்லாம் புது நம்பர், புது ரெஜிஸ்டர். உடனே நம் ஆள் என்ன செய்வார்? பழைய கணக்கில் இருப்பதைத் துடைத்து எடுப்பார். பி.எஃப்.புக்கு 19-ஆம் எண் படிவம், பென்ஷனுக்கு 10-சி. ஒரே நாளில் இரண்டும்.

மற்றவர்களைச் சொல்வானேன், நானே அதைச் செய்தவன். மணலிக்கு வருவதற்கு முன் வேறொரு இடத்தில் ஏழு வருடம் வேலை. விட்டு வந்ததும் வீட்டுப் போக்கியத்துக்குப் பணம் குறைந்தது என்று 10-சி போட்டு எடுத்தேன். ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. போக்கியக்காரர் வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். பென்ஷன் கணக்கில் என் ஏழு வருட சர்வீஸ் அன்றோடு பூஜ்யமானது. கணக்கு எழுதுகிறவனுக்கே புத்தி இப்படித்தான் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். 15,000 சம்பளத்தில் ஐந்து வருடம் பென்ஷனுக்குப் போன பணம் 75,000 ரூபாய். 10-சி போட்டால் திரும்பி வருவது ஏறக்குறைய 79,000. ஐந்து வருடத்துக்கு இவ்வளவுதான் கூடுதல். எடுக்காமல், அடுத்த கான்ட்ராக்டரிடம் அதே யூ.ஏ.என். கொடுத்துச் சேர்த்துக்கொண்டே போனால், 10 வருடத்தில் மாதப் பென்ஷனுக்கு உரிமை வந்துவிடுகிறது. ஒன்பதரை வருடம் இருந்தாலே அதைப் பத்தாக எடுத்துக்கொள்வார்கள்.

பென்ஷன் சூத்திரம் எளிது: கடைசி 60 மாதச் சம்பளச் சராசரியை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 சம்பளம், 10 வருடம் என்றால் மாதம் 2,143 ரூபாய். 20 வருடம் முடித்தவருக்கு இரண்டு வருடம் இனாமாகச் சேர்த்து 22 என்று கணக்கு, அப்போது 4,714 ரூபாய். 58 வயதிலிருந்து வரும். 50-க்கு மேல் முன்கூட்டியும் கேட்கலாம், ஆனால் முந்துகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும்.

இதை வைத்து இன்றைய விலைவாசியில் குடும்பம் நடத்த முடியுமா? முடியாது. அகவிலைப்படி கிடையாது, ஒரு தடவை நிர்ணயித்த தொகை அப்படியே நிற்கும். குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-இல் வைத்ததும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கரண்ட் பில்லும் சர்க்கரை மாத்திரையும் பிள்ளையிடம் கை நீட்டாமல் முடியும். பென்ஷன்காரர் இறந்தால் அதில் பாதி மனைவிக்குத் தொடரும். தண்டல்காரர் தரமாட்டார் இதையெல்லாம்.

ஆகவே கான்ட்ராக்டர் மாறும் அன்று செய்ய வேண்டியவை: புதியவரிடம் பழைய யூ.ஏ.என். எண்ணைக் கொடுங்கள், "எனக்கு பி.எஃப். நம்பர் இல்லை" என்று சொல்லிப் புதிதாகப் போட வைக்காதீர்கள். பழையவர் வேலை விட்ட தேதியைப் பதிந்தாரா என்று பாருங்கள். பதியாவிட்டால், கடைசிப் பணம் ஏறி இரண்டு மாதம் ஆன பிறகு போர்ட்டலில் நீங்களே போடலாம். பிறகு பழைய கணக்கைப் புதியதோடு இணைக்கச் சொல்லுங்கள். பல நேரம் தானாகவே இணைந்துவிடும், அப்படியும் பாஸ்புக்கில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வேலையே கொஞ்ச காலம் இல்லை என்றால் அதே 10-சியில் பணத்துக்குப் பதிலாக "ஸ்கீம் சர்டிஃபிகேட்" கேளுங்கள். உங்கள் சர்வீஸ் அந்தக் காகிதத்தில் உயிரோடு இருக்கும்.

பணம் அவசரமாகத் தேவையா? கல்யாணம், வைத்தியம், படிப்பு, வீடு என்றால் பி.எஃப். பகுதியிலிருந்து 31-ஆம் எண் படிவத்தில் முன்பணம் எடுக்க வழி இருக்கிறது. பென்ஷன் பகுதியைத் தொட வேண்டியதில்லை. இன்னொன்று: மொத்த சர்வீஸ் ஐந்து வருடம் ஆகும் முன் 50,000-க்கு மேல் துடைத்து எடுத்தால் பான் கார்டு இருந்தாலும் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள்.

கான்ட்ராக்டர் கட்டவே இல்லை என்றால்? கம்பெனி, அதாவது வேலை கொடுத்த முதன்மை முதலாளி, பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. கட்டாத தொகையை அவர் கட்டிவிட்டு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். பி.எஃப். துறையின் புகார் இணையதளத்தில் பாஸ்புக்கையும் சம்பளச் சீட்டையும் சேர்த்துப் போடுங்கள். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் குறைதீர்க்கும் முகாமும் நடக்கிறது. கேட் பாஸ், வருகைப் பதிவு, பேங்க்கில் ஏறிய சம்பளம் எதையும் தூக்கிப் போடாதீர்கள், அங்கே பேசுவது அவைதான்.

படி 4: யார் பெயரில் இருக்கிறது?

பலர் வேலைக்குச் சேர்ந்தது இருபது வயதில். வாரிசாக அம்மா பெயரைப் போட்டிருப்பார்கள். அப்புறம் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், யாருக்கும் அந்தக் காகிதம் நினைவிருக்காது. பி.எஃப். விதிப்படி கல்யாணமாகிக் குடும்பம் வந்துவிட்டால் முன்பு செய்த நியமனம் செல்லாது. புதிதாகச் செய்யாமல் ஒருவர் போய்விட்டால் மாமியாரும் மருமகளும் அலுவலகப் படிக்கட்டில் எதிரெதிரே உட்கார வேண்டி வரும். காலடிப்பேட்டையில் ஒரு வீட்டில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இருவரும் நல்லவர்கள்தான். காகிதம் அவர்களைப் பகையாளி ஆக்கியது.

உறுப்பினர் போர்ட்டலில் இ-நாமினேஷன் என்று இருக்கிறது. மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் ஒவ்வொருவரின் ஆதார், போட்டோ, யாருக்கு எத்தனை சதவீதம் என்று கொடுத்து, கடைசியில் ஆதார் ஓ.டி.பி.யால் கையெழுத்திட வேண்டும். பலர் விவரம் எல்லாம் போட்டுவிட்டு அந்தக் கடைசிக் கையெழுத்தை விட்டுவிடுகிறார்கள். கையெழுத்து இல்லையேல் நியமனமே இல்லை. பிரிண்ட் எடுத்து மனைவி கையில் கொடுங்கள்.

படி 5: இ.எஸ்.ஐ.யை ஆஸ்பத்திரிச் சீட்டாக மட்டும் நினைக்காதீர்கள்

"இ.எஸ்.ஐ.யா, கூட்டமாச்சே" என்று முகம் சுளிப்பவர்கள் நிறைய. கூட்டம் உண்மைதான். அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் காலை டோக்கனுக்கு நின்றவர்களுக்குத் தெரியும். ஆனால் வைத்தியம் இதில் பாதிதான், மறுபாதி கையில் வரும் பணம். அதை நம் ஆட்கள் கேட்பதே இல்லை.

வைத்தியம் முதல் நாளிலிருந்தே உண்டு. உங்களுக்கும், வாழ்க்கைத் துணைக்கும், பிள்ளைகளுக்கும், உங்களை நம்பி இருக்கும் பெற்றோருக்கும். ஆனால் கார்டில் அவர்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும், வீட்டுக்குப் பக்கத்து டிஸ்பென்சரி ஒதுக்கியிருக்க வேண்டும். வியாசர்பாடியில் குடியிருந்துகொண்டு கார்டில் அம்பத்தூர் டிஸ்பென்சரி என்றிருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வந்து படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை. நம் 15,000 ரூபாய்க்காரருக்கு ஒரு நாளுக்குச் சுமார் 350. இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம், அதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று, அதன் பலன் ஜூலை முதல் டிசம்பர் வரை. சந்தாக் காலத்தில் 78 நாளாவது உங்களுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். கான்ட்ராக்டர் 26 நாள் வேலை வாங்கிவிட்டு ரெஜிஸ்டரில் 12 நாள் காட்டினால் ஆறு மாதத்தில் 72 தான் ஆகும். அவருக்கு மிச்சம் சில நூறு ரூபாய், உங்களுக்குப் போவது முப்பதாயிரம் ரூபாய் வரை. இந்தக் குறைத்துக் காட்டும் வேலையைச் செய்யச் சொல்லி என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். நாள் கணக்கை மாதாமாதம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

விடுப்புச் சான்றிதழை இ.எஸ்.ஐ. டாக்டரிடம்தான் வாங்க வேண்டும். வெளியே சேர்ந்தீர்கள் என்றால், உதாரணத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், டிஸ்சார்ஜ் சம்மரியோடு டிஸ்பென்சரி டாக்டரைத் தாமதிக்காமல் பாருங்கள். காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம் வீதம் இரண்டு வருடம் வரை கிடைக்கும்.

பெண் தொழிலாளிக்குப் பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாள் இருந்தால் போதும். 15,000 சம்பளத்தில் இது ஏறக்குறைய 91,000 ரூபாய். "பிள்ளை உண்டாகியிருக்கு, வேலையை விட்டுடு" என்று வீட்டிலோ சூப்பர்வைசரோ சொன்னால், எழுதிக் கொடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

வேலையில் அடிபட்டால் நாள் கணக்கு எதுவும் பார்க்க மாட்டார்கள், முதல் நாளே சேர்ந்தவருக்கும் உண்டு. குணமாகும் வரை 90 சதவீதம். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் இதில் அடங்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டூவீலரில் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. விபத்து அறிக்கையை முதலாளி உடனே இ.எஸ்.ஐ.க்கு அனுப்ப வேண்டும். "செலவுக்குக் கொடுக்கிறோம், ரிப்போர்ட் வேண்டாம்" என்பார்கள். வேண்டும் என்று சொல்லுங்கள். பின்னால் ஊனம் என்று தெரிந்தாலும், உயிரே போனாலும், அந்த அறிக்கைதான் ஆதாரம்.

ஓய்வு பெற்ற பின்பும் ஒன்று இருக்கிறது. ஐந்து வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைக்கும் வைத்தியம் தொடரும். நூற்றிருபது ரூபாய்! இதைச் சொன்னால் பெரியவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

படி 6: வீட்டில் ஒருவர் போய்விட்டால்

அக்கா, அம்மா, யாராக இருந்தாலும் முதலில் இறப்புச் சான்றிதழ். மாநகராட்சியில் பெயர் சரியாகப் பதிவாகட்டும், ஆதாரில் உள்ளபடியே. பிறகு பி.எஃப். பக்கம் மூன்று தனித்தனிப் பணங்கள் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். பலர் முதலாவதோடு திரும்பிவிடுகிறார்கள்.

ஒன்று, கணக்கில் உள்ள பி.எஃப். இருப்பு. இரண்டு, மாதப் பென்ஷன். வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால் பத்து வருடக் கணக்கு இதற்குக் கிடையாது, ஒரு மாதப் பணம் ஏறியிருந்தாலே மனைவிக்குப் பென்ஷன் உண்டு. கூடவே இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 25 சதவீதம், 25 வயது வரை. மூத்தவருக்கு நின்றதும் மூன்றாவது பிள்ளைக்கு மாறும். மூன்று, இ.டி.எல்.ஐ. காப்பீடு. மாதம் 75 ரூபாய் முதலாளி கட்டியது இதற்குத்தான். ஒரு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்தவர் என்றால் குறைந்தது இரண்டரை லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். இயற்கை மரணமா, வீட்டில் நடந்ததா என்ற கேள்வியெல்லாம் இல்லை, வேலையில் இருந்த காலமாக இருந்தால் போதும்.

மூன்றையும் சேர்த்துக் கேட்க ஒரே கூட்டுப் படிவம் இருக்கிறது. இ-நாமினேஷன் முடித்திருந்தால் வாரிசே ஆன்லைனில் போடலாம். இ.எஸ்.ஐ.யில் ஈமச் செலவுக்கு 15,000 ரூபாய், மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். வேலை விபத்தில் போனவர் என்றால் சம்பளத்தில் 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதாமாதம் பிரித்துத் தருவார்கள்.

சம்பளச் சீட்டே இல்லாதவர்கள்

காசிமேட்டில் படகுக்குப் போகிறவருக்கு யார் பி.எஃப். பிடிப்பது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்கு அரசு தருவது நிவாரணம், குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அதைத் தவிர மீனவர் தானே சேமிக்கும் திட்டம் ஒன்று உண்டு. அவர் 1,500 போட்டால் மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ஆக, மீன் குறைந்த மாதங்களில் திரும்பத் தருகின்றன. மீனவப் பெண்களுக்கும் இதே போலத் தனியாக இருக்கிறது. மீன்வளத் துறை அலுவலகத்தில் பெயர் கொடுக்க வேண்டும்.

கொத்தனார், சித்தாள், ஆட்டோ ஓட்டுபவர், வீட்டு வேலைக்குப் போகும் அக்கா, தள்ளுவண்டிக்காரர் எல்லோருக்கும் நலவாரியம் உண்டு. கட்டுமானத் தொழிலாளர் வாரியம் 1994-இலேயே வந்தது, வீட்டுப் பணியாளர் வாரியம் 2007-இல். 18 முதல் 60 வயதுக்குள் பதிவு, கட்டணம் இல்லை. பிள்ளைகள் படிப்பு, திருமணம், பிரசவம், மரணம், 60-க்குப் பின் ஓய்வூதியம் என்று உதவிகள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்காவிட்டால் கார்டு வெறும் அட்டை. பதிவு செய்து தருகிறேன் என்று 500, 1,000 கேட்கும் ஆட்களிடம் போகாதீர்கள்.

இதோடு பேங்க் கணக்கில் இரண்டு: 436 ரூபாய்க்கு உயிர்க் காப்பீடு, 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு, இரண்டும் 2 லட்சம். மே மாதக் கடைசியில் தானாகப் பிடிப்பார்கள், அன்று கணக்கில் 456 ரூபாய் இருக்க வேண்டும். 40 வயதுக்குள் இருப்பவர், வருமான வரி கட்டாதவர், அடல் பென்ஷனையும் பார்க்கலாம். 30 வயதில் மாதம் 347 ரூபாய் கட்டத் தொடங்கினால் 60-இல் மாதம் 3,000, அவருக்குப் பின் துணைக்கும் அதே 3,000.

கடைசியாக, ஒரு துணிப் பை. யூ.ஏ.என். எழுதிய தாள், இ.எஸ்.ஐ. கார்டு, இ-நாமினேஷன் பிரிண்ட், ஒவ்வொரு கான்ட்ராக்டரிடமும் வாங்கிய ஒரு சம்பளச் சீட்டு, நலவாரிய அட்டை, பாஸ்புக்கின் முதல் பக்கம் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அந்தப் பையில் வையுங்கள். 2015 வெள்ளத்தில் நனைந்த காகிதங்களை இஸ்திரி போட்டுக் காயவைத்தவன் என்பதால் சொல்கிறேன், பீரோவின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். பரண் மேல் வையுங்கள், எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு.